நூற்றியொன்று

புதுசில் எண்பது கிலோமீட்டர் என்றார் கடைக்காரர்.
எழுபது ஓடியது.
அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.
மூன்றாவது ஆனியில் ஐம்பது.
நாலாவதில், தருவை தாண்டும்போதே
திரையில் ஒரு கட்டம் அணைந்துவிடும்,
பிராஞ்சேரிக் குளத்தங்கரையில் இன்னொன்று.
மேகாத்துக்கு எதிரே மேற்கே போனால்
எதை நம்புவதென்றே தெரியாது.

நான் கணக்கெடுக்கிறவள்.
வீட்டு வாசல்களில் அண்ணாந்து பார்த்து
வெள்ளை அட்டையில் எழுதித் தருகிறவள்.
ஊருக்கெல்லாம் யூனிட் சொல்லும் வாய்க்கு
சொந்த வண்டியின் கணக்குச் சொல்ல வரவில்லை.

மேலச்செவல் விலக்கில் அது நின்றது.
நின்றது என்பதும் சரியில்லை.
திரையில் ஓர் ஆமை எரிந்தது,
வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர்
பேச்சை நிறுத்தாமலே என்னைத் தாண்டிப் போனார்கள்.

முதல் வீடு ஆவுடைத்தங்கம் வீடு.
சித்திரையில் மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள்,
இரவும் பகலும் ஃபேன்.
பணம் கட்டவில்லை. வைகாசியில் ஃபியூஸ் பிடுங்கினார்கள்.
பிடுங்கியது வயர்மேன்.
பட்டியலில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

"கரண்டு தீந்துட்டோ?" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
"அந்தப் பிளக்குல மாட்டுங்க,
மிக்சியக் கீழ எடுத்து வச்சிருதேன்."

அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை, அரை அரை மணி நேரம்.
அவள் நைட்டிகளில் நூல்பிசிறு வெட்டுவாள்,
ஒன்றுக்கு எண்பது பைசா.
நான் முறுக்கு தின்பேன், சார்ஜரின் சிவப்பைப் பார்ப்பேன்.
ஃபியூசைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை.
ஒரே ஒரு நாள்:
"பட்டியல்ல எம்பேரு எந்த எழுத்துல இருந்திச்சு?"
"ஆவன்னா."
"அப்ப முதல்லயே வந்திருக்கும்" என்றாள்,
கத்தரியை நிறுத்தாமல்.

ஆவணியில் அவள் வீட்டு மீட்டர்.
இப்போதெல்லாம் கேபிளை மாட்டினால் கருவியே படிக்கும்,
பேனாவுக்கு இரக்கப்பட வழியில்லை.
நூற்றியொன்று.
நூறு வரைக்கும் இலவசம்.
பதினாறு தடவை, அரை மணி நேரம் வீதம்
ஆறு யூனிட் என்னுடையது.
அவளுக்கும் தெரிந்திருந்தது.
"ஒங்க வண்டிக்கும் ஒரு ரேசன் கார்டு வாங்குங்க மேடம்."
ஐந்து ரூபாயை நானே கட்டினேன்,
சில்லறை இல்லையா என்றார் கவுண்டரில்.

அந்தச் சனிக்கிழமை மேலப்பாளையத்தில் செய்யது மசூது
பேட்டரியின் நெஞ்சைத் திறந்து போட்டார்.
பதிமூன்று வரிசை.
"பன்னெண்டு நல்லாத்தான் இருக்கு.
ஒண்ணு சோந்துபோச்சு,
அது நிக்கற இடத்துல எல்லாம் நின்னுரும்."
அதை மட்டும் மாற்றினால்?
"பழசும் புதுசும் ஒத்துப்போவாது,
ஆறு மாசத்துல திரும்ப வந்து நிப்பிய."
முப்பத்தெட்டாயிரம்.
இரண்டு வளையல் சொசைட்டிக்குப் போனது.
பழசுக்கு மூவாயிரம் கழித்தார்.
நல்ல பன்னிரண்டு வயக்காட்டில்
பன்றி விரட்டும் விளக்குக்கு ஆகுமாம்.
சோர்ந்த வரிசையைத் தனியே ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டார்,
மூடியை இறுக்கினார்.

புது பேட்டரிக்கு மேகாத்து ஒரு பொருட்டில்லை.
தருவையில் எல்லாக் கட்டமும் எரிந்தது. பிராஞ்சேரியிலும்.
விலக்கில் கதவு திறந்துதான் இருந்தது.
நாற்பதில் போனேன்.
சத்தமில்லாத வண்டி,
போனதே தெரிந்திருக்காது.
மறுநாளும் அப்படித்தான்.
அதற்கு மறுநாள் ஹாரனில் கைவைத்தேன்,
அழுத்தவில்லை. அடித்துவிட்டு என்ன சொல்ல?

ஐப்பசியில் மழைக்கோட்டோடு போய்
கேபிளை மாட்டினேன். தொண்ணூற்று மூன்று.
"கொறைஞ்சிட்டு" என்றாள்.
"ஆமா."
"புதுசு போட்டாச்சோ?"
"ஆமா."
கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது.
நான் அட்டையில் எழுதினேன், எழுதியதையே மறுபடி பார்த்தேன்.
சுவரில் பிளக் சும்மா இருந்தது.
மிக்சி இன்னும் தரையில்.