தெற்கு ஜன்னல்

லான்செஸ்டனை விட்டுப் பதினேழு கிலோமீட்டர்.
கடைசி ரவுண்டானாவில் இடது,
பிறகு இருபுறமும் வேலி.
கம்பி இல்லை, ஹாதார்ன் முட்செடி.
கைதிகள் நட்டது,
இன்னும் தண்டனை முடியாததுபோல் நிற்கிறது.
வேலிக்கு அப்பால் ஆடு. ஆட்டுக்கு அப்பாலும் ஆடு.
அதற்கும் அப்பால் ஆஷ்கம்.

ஆஷ் மரங்களின் பள்ளத்தாக்கு என்று பொருளாம்.
ஆஷ் மரம் ஒன்றுகூட இல்லை. பள்ளத்தாக்கும் இல்லை.
லேசான ஒரு சரிவு,
அதை நம்பி ஓர் ஓடை.
ஒரு மதுக்கடை, முன்பு அஞ்சலகமாக இருந்த தேநீர்க்கடை,
சீமையைப் பார்த்து வெட்டிய குளம்.
அன்னம் மட்டும் கறுப்பு.
சர்ச் வாசலில் பித்தளைத் தகடு:
இவ்வூரின் வரலாறு 1831இல் தொடங்குகிறது.
அதற்கு முந்தைய பல்லாயிரம் ஆண்டுகளுக்குப்
பித்தளை போதவில்லை.

நான் வரலாறு பார்க்க வரவில்லை.
கூரையில் பதினாறு சோலார் பேனல் மாட்ட வந்தேன்.
நிர்வாகி ஹெட்லி ப்ராட்ரிப்
கையுறையோடு கைகுலுக்கினார்.
உள்ளே, கிணற்றில் இறங்கியதுபோல் குளிர்.
தெற்குச் சுவரில் ஐந்து பெரிய ஜன்னல்கள்,
நீலமும் சிவப்புமாய்ப் புனிதர்கள்
இருட்டில் நிற்கிறார்கள்.
வடக்குச் சுவர் மொட்டை. மூன்றடி கனம்.
எலி நுழையக்கூட ஓட்டை கிடையாது.

"வரைபடம் சாமர்செட்டிலிருந்து வந்தது" என்றார்,
"கப்பலில் நான்கு மாதம்."
வரைந்தவர் ஓரத்தில் எழுதியிருக்கிறாராம்:
வெளிச்சத்துக்குத் தெற்கு திறந்திருக்கட்டும்,
வடக்கை அடையுங்கள், குளிர்காற்று அங்கிருந்துதான்.

வாடை, என்றது என் நாக்கு.
முகம் தெரியாத அந்த ஆளும் என் தமிழும்
ஒரே திசையைப் பார்த்து நடுங்கியிருக்கிறோம்.
இங்கே சூரியன் வடக்கே போகிறது.
அந்த மொட்டைச் சுவரைத் தட்டித் தட்டி
வெயில் திரும்பிப் போகிறது
நூற்றுத் தொண்ணூறு வருடமாக.

கொத்தனுக்குத் தெரிந்திருந்தது.
ஐசையா கிரிம்ஷா. இரண்டு வெள்ளிக் கரண்டிக்கு ஏழு வருடம்.
மேற்பார்வையாளரின் பேரேட்டை
ஹெட்லி விரித்துக் காட்டினார்:
'வெயில் அந்தப் பக்கம் இல்லை ஐயா, என்றான்.
வரைபடம் கையெழுத்தாகிவிட்டது, என்றேன்.
மறுபடி சொன்னான். மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும்.'
அடுத்த வரி, சுண்ணாம்பின் விலை.

நான் சிரித்திருக்கலாம்.
ஆனால் டவுனில் வாங்கிய வீட்டுக்கு
கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸாப்பில் வாஸ்து பார்த்தவன் நான்.
வடக்கே தலைவைக்காதீங்க, என்றார்.
சார், இது பூமியோட கீழ்ப்பாதி, என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"கேட்டுச் சொல்றேன்."
அது போன சித்திரையில்.
அதுவரைக்கும் கிழக்கே தலைவைத்துப் படுக்கிறோம்,
கதவு கட்டிலில் இடிக்கிறது.

பேனல் வடக்குக் கூரையில்தான் போக வேண்டும்.
அங்கே ஓர் ஓக் மரம் நிழல் விரித்திருந்தது.
வடக்குப் பக்க நிழலால் யாருக்கு என்ன நஷ்டம் என்று
சீமைக் கணக்கில் நட்ட மரம்.
இரண்டு கிளை வெட்ட
மரபுத்துறை அனுமதிக்குப் பதினோரு வாரம்.

முகட்டில் நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது.
ஓடைக்கு அந்தப் புறம், வடக்கு பார்த்த மேட்டில்
கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.
பலாவா மக்கள் உட்கார்ந்து கல் சீவிய இடமாம்.
செதில்கள் மண்ணோடு கிடக்கின்றன,
மேலே முழு வெயில்.
அவர்களுக்குக் கப்பலில் வரைபடம் எதுவும் வரவில்லை.

நாலரைக்கு ஹெட்லி ஹீட்டரைப் போட்டார்.
கையுறையைக் கழற்றி,
பெஞ்சைத் தொட்டுப் பார்த்து,
மறுபடி மாட்டிக்கொண்டார். பழக்கம்.

ஏணியை மடக்கும்போது தெற்கிலிருந்து காற்று வந்தது,
பனிக்கண்டத்தில் புறப்பட்டு
வழியில் எங்கும் இளைப்பாறாமல்.
அதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது,
மிக அழகான பெயர்.
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.