அவிழ இடமில்லை

தார்த்துவில் பிப்ரவரி. எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
நான்காம் மாடி ஆய்வகத்தில் லேலோ
நொதியைத் தெளிந்த நீரில் கரைக்கிறாள்.
கொஞ்சம் உப்பு. நீந்த எவ்வளவோ இடம்.
இத்தனை காலமும் இப்படித்தான் அளந்தோம்:
காலி மைதானத்தில் ஒருவனை ஓடவிட்டு
சந்தைக்குள் அவன் நடையைக் கணித்தோம்.

செல்லுக்குள் அப்படியா இருக்கிறது?
எள் விழுந்தால் எண்ணெயாகும் கூட்டம்.
புரதத்தின் விலாவில் புரதத்தின் முழங்கை.

எனவே அடுத்த வரிசைக் குழாய்களில் ஃபிக்கால் தூள்,
சர்க்கரைப் பாகு பதம் வரும்வரை.
வேகம் பாதியாகிவிட்டது.
நொதி வெட்டவேண்டிய மூலக்கூறு
அதன் வாசலுக்கு வந்து சேரவே திணறுகிறது.
"மந்தம் என்று எழுதுங்கள்" என்றாள்.
ஹெல்துர் எழுதினார்.

சனிக்கிழமை இரவு சூடேற்றி பழுதாகி
ஐம்பது டிகிரிக்கு ஏறியது.
யாரும் பார்க்கவில்லை.

திங்கள் காலை
தெளிநீர்க் குழாய்களில் வெள்ளைத் திரி திரியாக,
முட்டை வெந்ததுபோல்.
பாகுக்குள் இருந்ததோ
மெதுவாக, எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக
இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது.
அவிழ்ந்து விரிய இடம் எங்கே?
நான்கு பக்கமும் முதுகுகள்.

ஹெல்துர் "மந்தம்" என்ற சொல்லை அடித்தார்.
பதிலுக்கு எதை எழுதுவது என்று
பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் நின்றார்.

மாலைப் பேருந்தில்
கம்பளிக் கோட்டுகள் லேலோவை நெருக்கின.
யாருடைய பையோ முழங்காலில், யாருடைய மூச்சோ பிடரியில்.
அவள் நிறுத்தம் வந்தது.
"மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று நகர்வதற்குள்
கதவு மூடிக்கொண்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
பனியில் திரும்பி நடந்தாள்,
கையுறை மாட்ட மறந்து.
விரல்களில் இன்னும் கொஞ்சம் சூடு.