ஆள் இல்லாத படம்

ஆட்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.
கட்டடம் மட்டும், கொஞ்சம் வானம்.
கடல் தெரிந்தால் நல்லது,
தெரியாவிட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

காலை ஐந்தே முக்காலுக்கு
கொம்பனித்தெரு ரயில் நிலையத்து மேம்பாலத்தில்
கமராவின் மூன்று கால்களை விரித்துக் காத்திருந்தேன்.
பாணந்துறையின் தூக்கத்தை ஏற்றிவந்த ரயில்
அதை மேடையில் கொட்டிவிட்டுப் போனது.
வங்கிக்கும் துணிக்கடைக்கும் போகிற பெண்கள்
ஈரத் தலைமுடியோடு
என் சட்டகத்துக்குள் வருவதும் குனிந்து விலகுவதுமாக.
"சொரி மிஸ்" என்றாள் ஒருத்தி.
மன்னிப்பு நான் கேட்க வேண்டியது என்பதைச்
சிங்களத்தில் கோத்து முடிப்பதற்குள்
படியிறங்கிப் போய்விட்டாள்.

இதே பாலத்தில், எனக்குப் பத்தொன்பது வயதில்,
ஒரு பொலிஸ்காரர் கமராவை வாங்கி
ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.
தண்டவாளத்தை ஏன் எடுத்தாய்?
வடிவாய் இருந்தது.
தண்டவாளத்தில் என்ன வடிவு?
அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.
பன்னிரண்டு படங்களை அழித்தார்.
அதில் ஒன்று, பேரை வாவியில் சும்மா நின்ற கூழைக்கடா.

இன்றைக்கு வந்தவர் தொப்பியைச் சரிசெய்து
தன் தொலைபேசியை நீட்டினார்.
தாமரைக் கோபுரம் தோளுக்கு மேலால் தெரியவேண்டுமாம்.
எடுத்துக் கொடுத்தேன்.
நன்றாக வந்திருந்தது, அதுதான் எரிச்சல்.

வெயில் ஏற ஏறக் கண்ணாடி எரிந்தது.
லென்சுக்குள் மாடிகளை எண்ணிக்கொண்டே போய்ப்
பதினேழில் நின்றேன்.
இன்னும் விலைபோகாத வீட்டின் பல்கணியில்
ஒரு நீலச் சட்டை.
இராக்காவலுக்கு நிற்பவனுடையதாக இருக்கலாம்,
ஓடு பதிக்க வந்தவனுடையதாகவும்.
ஒரு கை மட்டும் காற்றில் எழும்பி
பஸ்ஸை மறிப்பது போல.

திலங்க அதைத்தான் முதலில் கண்டான்.
"இதை மட்டும் எடுத்துவிடுங்க."
கஷ்டமில்லை.
பக்கத்தில் இருக்கிற வெறுமையில் கொஞ்சம் கிள்ளி
அதன்மேல் அப்பிவிட்டால்
அங்கே யாரும் எப்போதும் இருந்ததில்லை.
நான்கு நிமிடம். தேநீர்கூட ஆறவில்லை.

அன்று பின்னேரம் தெமட்டகொடை.
லிஃப்ட் வேலைசெய்யவில்லை, பதின்மூன்று மாடி,
பன்னிரண்டில் யாரோ மீன் பொரித்தார்கள்.
அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் கார் தரிப்பிடம்
முன்பு ரலீனாவின் குசினி.
இப்போது அவளுக்கு இங்கே ஒரு கதவிலக்கம்,
சுவரில் ஒரு வெடிப்பு.
அதிகாரசபைக்கு அனுப்பப் படம் வேண்டும்.
அளவு தெரிய ஐந்து ரூபாய்க் குத்தியொன்றை
வெடிப்பின் பக்கத்தில் ஒட்டினேன்.
"கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளே போனவள்
முக்காடு மாற்றி, பவுடர் பூசி,
மகனையும் இழுத்துக்கொண்டு வந்து
வெடிப்புக்கு முன்னால் நின்றாள்.
மறைக்கிறீங்க, என்றேன்.
"செவர மட்டும் பாத்தா
யாருட ஊடு எண்டு அவனுகளுக்கு எப்பிடி வெளங்கும்?"

ஜன்னல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
எடுத்தேன்:
குத்தி, பையனின் காது,
அவள் தோளிலிருந்து கூரைக்கு ஏறும் கோடு.

விளம்பரப் பலகை போன மாதம் எழும்பியது,
கொள்ளுப்பிட்டிச் சந்தியில், பஸ்ஸைவிட நீளம்.
சட்டையைத் துடைத்தேனே தவிர
எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில்
அது விழுந்திருந்ததைப் பார்க்கவில்லை.
என் திரையில் ஒரு அரிசி அளவு.
பார்த்தேனோ என்னவோ,
நான்கு நிமிட வேலை, யாருக்கு ஞாபகம்.
பலகையில் அது ஆளுயர நீலம்,
கை தூக்கியபடி.

திலங்க கூப்பிடவில்லை.
யாரும் கூப்பிடவில்லை.
நூறாம் இலக்க பஸ் ஒவ்வொரு காலையும்
அதன் கீழே சிவப்பு விளக்குக்கு நிற்கிறது.
எனக்கு ஜன்னலோரம் கிடைத்தால் பார்ப்பேன்.
இரண்டு மழை போய்விட்டது.
இன்னும் காயவில்லை.