முன்னுரைக்குப் பத்துப் பக்கம்

லண்டனிலிருந்து எழுதியிருக்கிறார்கள்:
ஆங்கிலத்தில் இவரை ஒருவருக்கும் தெரியாது,
பத்துப் பக்கத்துக்குள் அறிமுகம் செய்துவையுங்கள்.

எகோன் வால்பிரெக்ட்.
எழுபத்திரண்டு நாவல்கள்.
மூன்று தலைமுறை ஜெர்மன் பையன்கள்
போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவர்.
உப்புக் கிடங்கில் கணக்கெழுதியே காலம் போனது.
கடலை ஒரே ஒரு முறை பார்த்தார்,
ஜலதோஷத்தோடு வீடு திரும்பினார்.

நான் ஜெர்மன் படித்தது நர்ஸ் வேலைக்கு.
பி-டூ பாஸ். விசா வரவில்லை.
மொழி மட்டும் வந்து
தண்டையார்பேட்டையில் என் ஒற்றை அறையில்
வாடகை தராமல் தங்கிவிட்டது.
இப்போதுதான் முதன்முதலாகச் சம்பாதிக்கிறது.

அவருடைய நாற்பத்தொன்றாவது நாவல்
எங்கள் ஊரில் நடக்கிறது.
ராயபுரத்தில் அருவி கொட்டுகிறது.
கொருக்குப்பேட்டையில் புலி தண்ணீர் குடிக்கிறது.
குடிக்கட்டும், எங்களுக்கு லாரி
ரெண்டு நாளைக்கு ஒரு தடவை.
எண்ணூர் போகிற வழியில் பனி மூடிய சிகரம்.
எதற்கும் இருக்கட்டும் என்று மொட்டைமாடி ஏறிப் பார்த்தேன்.
மணலி ரிஃபைனரி நெருப்பு
வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது.

லண்டன் கடிதத்தில் கடைசி வரி:
அவர் சொன்ன பொய்களை விளக்குங்கள்,
லேசாக ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.
யார் சார்பாக, யாரிடம் என்று
எழுதவில்லை.

ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு
எனக்கு நேர்வழி கிடையாது.
தமிழில் நின்றுதான் போகவேண்டும்,
சென்ட்ரலுக்கு முன்னால்
பேசின் பிரிட்ஜில் நின்றே தீரும் ரயில் மாதிரி.

அண்ணன் தேசப்பன் டிரெய்லர் ஓட்டுகிறான்.
ஹார்பர் கேட் வரிசை பதினாலு மணி நேரம் நகராது.
இரவுச் சாப்பாடு எடுத்துப் போவேன்.
முன்னால் நிற்கிற சிவப்புக் கண்டெய்னரில்
ஹாம்பர்க் என்று எழுதியிருக்கும்.
அவன் சாப்பிடச் சாப்பிடக் கதை சொல்வேன்.
பின்வண்டி டிரைவர்களும் கிளீனர் பையன்களும்
டயர் ஓரம் வந்து குந்துவார்கள்.

'ராயபுரத்துல ஏது அருவி' என்று நானே நிறுத்தினால்
'அருவின்னு எழுதிக்கீறான்ல, அப்ப அருவிதான்.
நீ மேல சொல்லு' என்பான் ஒரு கிளீனர்.
அவரை இதைவிட நன்றாக
யாரும் அறிமுகம் செய்துவிட முடியாது.

ஒன்பதாம் அதிகாரம் புயல்.
முகத்துவாரத்தில் படகு கவிழ்கிறது.
நாயகனின் துப்பாக்கிகூட நனையவில்லை.
அடுத்த வரி ஜெர்மனில் ஐந்தே சொல்:
கூலிகள் பதினொருவரும் நீரில் மூழ்கினர்.

தேசப்பன் கைகழுவாமல் கேட்டான்:
'யார்மா அந்தப் பதினோரு பேரு?'
'பேர் போடலண்ணா.'
'எழுபது புக்கு எழுதுனவனுக்கு
பதினோரு பேரு கெடைக்கலயா?'

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு யாரோ 'ஏகாம்பரம்' என்றார்கள்.
'மஸ்தான் பாய்.'
'தொம்மை. எங்க சித்தப்பா.'
கன்னியப்பன், டில்லி, செங்கேணி,
அடைக்கலம், பரசு.
யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை,
ரொம்ப நாளாக
யாராவது கேட்கட்டும் என்று வைத்திருந்த மாதிரி.
ஒன்பதாவதாக 'எத்திராஜ்' என்றதும்
முன்வண்டி உறுமியது. வரிசை நகர்ந்தது.
எல்லோரும் ஓடி ஏறினார்கள்.
தட்டு என் கையில்.

ராத்திரி ரெண்டு மணிக்கு போன்:
'மத்த படகாச்சும் கரை சேந்துதா?'
பத்தாம் அதிகாரம் இன்னும் பிரிக்கவேயில்லை.

நாவலுக்குள் கைவைக்க
மொழிபெயர்ப்பவளுக்கு உரிமை இல்லை.
முன்னுரை என்னுடையது.
அவர் இந்த ஊருக்கு வந்ததில்லை,
நான் இந்த ஊரைவிட்டுப் போனதில்லை என்று தொடங்கி
அருவியை, புலியை, பனியை அப்படியே விட்டு
நான்காம் பக்கத்தில் ஒன்பது பெயர்கள்,
கீழே இரண்டு வரி காலி.

நேற்று பதில் வந்தது.
முன்னுரை பிடித்திருக்கிறதாம்.
நான்காம் பக்கத்து இடைவெளி
அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறார்கள்.

கேட்டுக்குள் போன வண்டி
இன்னும் வெளியே வரவில்லை.