மூணு மாசம்

இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்
கொஞ்சம் ரத்தம் இறங்கும்,
கொஞ்சம் நித்திரை வரும்.
மார்கழியிலிருந்து இப்படித்தான்.
பெருவிரல் முதலில் நீலம் பாரித்தது,
பிறகு நுனி கறுத்து, காய்ந்த பேரீச்சம்பழம்.
நோகுது என்று சொல்லவும் வெட்கம்.
பெக்கோவின் மிதியில் இருபத்தாறு வருசம் கிடந்த கால்.

பக்கத்துக் கட்டிலில் உதுமாலெவ்வைக்கு
முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடக்கிறது.
"பிந்தி வந்துட்டன் தம்பி" என்கிறார்,
கல்முனை பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

டொக்டர் ரேணுகாந்தி படத்தைக் காட்டினா.
முழங்காலுக்குக் கீழே மூன்றாகப் பிரிகிற குழாய்களில்
ஒன்றுகூடக் கணுக்காலைத் தொடவில்லை.
"கம்பி விட்டு, அதுக்குள்ள பலூன் ஊதி..."
பலூன் என்றதும் மனிசி சிரித்துவிட்டாள்.
"திரும்ப அடைக்குமா?"
"அடைக்கலாம். மூணு மாசம், ஆறு மாசம். சொல்ல ஏலாது."
"அப்ப எதுக்கு?"

எனக்கு விளங்கியது.
வெள்ள வருசங்களில் முகத்துவாரத்து மணல்திட்டை
வெட்டினவன் நான்தானே,
கச்சேரியிலிருந்து கட்டளை வந்ததும், சாமம் ரெண்டு மணிக்கு.
முதலில் ஒரு வாளி அகலம்தான்.
பிறகு தண்ணீரே தன் வழியை அரித்துக்கொள்ளும்.
கொஞ்ச நாளில் கடல் மணலைக் கொண்டுவந்து
பழையபடி மூடிவிடும்.
வீண் வேலை என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
படுவான்கரை வயல் தலை தூக்க
ரெண்டு கிழமை திறந்திருந்தால் போதும்.

தொடையில் மட்டும் விறைப்பூசி. கண் முழித்திருந்தேன்.
மருந்து ஓடும்போது கால் முழுக்க அடுப்புச் சூடு.
திரையில் தலைமயிர் போல ஒரு கம்பி
முட்டியது, வளைந்தது, பின்வாங்கியது.
முட்டியது.
"அசையாதீங்க ஐயா."
லீவரைப் பிடிக்கிற மாதிரி விரிப்பைப் பிடித்திருந்தேன்.
அவசரப்படாதே பிள்ளை, மனசுக்குள் சொன்னேன்,
கரையை இடித்தால் உள்ளே சரியும்.

ரெண்டரை மணித்தியாலம்.
மூன்றில் ஒன்று திறந்தது.

தாதி புறங்காலில் களிம்பு பூசிக் கருவியை வைத்தாள்.
இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள்
ஷ்ஷூ, ஷ்ஷூ,
வெட்டின வாயில் முதல் தண்ணீர் போகிற சத்தம்.
மனிசி அதை இன்னொருக்கால் வைக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விரலை எடுப்பார்கள். பாதம் இருக்கும்.
புண் காய எத்தனை நாள் என்று கேட்டேன்.
"சீனியைக் கட்டுப்படுத்தினால், எண்பது."
கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். மட்டுமட்டாகத்தான் வருகிறது.

அன்றிரவு காலை மெத்தையில் தூக்கி வைத்தேன்.
நோவில்லை.
"நித்திரையா?" என்றார் உதுமாலெவ்வை.
இல்லை. பழக்கதோஷத்தில்
விடியும்வரை முழித்தே கிடந்தேன்.