சூழல்

இரவு ஒன்பதரை. மாத்ரித்தில் மாலை ஆறு.
கழனிவாசல் வாடகை வீட்டில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருகிறேன்,
அதன் இரைச்சல் வகுப்புக்குள் போகிறதாம்.
நூரியா வருகைப்பதிவு எடுக்கிறார்.
"ஹாவியேர்?"
யாரும் பேசவில்லை.
"ஹாவியேர் முத்து?"
மணிலாவிலிருந்து லிகாயா தனியே தட்டி அனுப்புகிறாள்:
அது நீதானே.

சவேரிமுத்து.
தேவகோட்டைப் பக்கத்துக் கோயிலில்
தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்.
புறப்பட்ட நாட்டு உச்சரிப்பில் அது திரும்பி வந்தபோது
யாரோ என்று இருந்துவிட்டேன்.

பகலில் எனக்குத் துருவோடு வேலை.
மண்டபத்தில், கடலைப் பார்த்த மரச்சட்டத்தில்
நாற்பது இரும்புத் தகடுகள்,
பீங்கான் குமிழ்களின் பிடியில், ஒன்றையொன்று தொடாமல்.
மாதம் ஒருமுறை போய்ச் சிலவற்றைக் கழற்றி
காரைக்குடிக்குக் கொண்டுவந்து எடைபோட வேண்டும்.
நுழைவுச்சீட்டு கிடையாது.
ஆடுகள் வந்து பார்க்கும்.

இன்றைய பாடத்தில் ஒரு படம்:
வடகரையில் ஒரு சிற்பி
அலை தொடும் இடத்தில் பன்னிரண்டு தகடுகளை நட்டிருக்கிறார்.
வண்ணம் பூசவில்லை.
உதிரும் துருவைக் காவலாளி கூட்டி
உறையிலிட்டுத் தேதி எழுதவேண்டும், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
சிரித்துவிட்டேன். ஒலிவாங்கி திறந்தே கிடந்தது.
"என்ன, ஹாவியேர்?"
எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன்:
"அந்தக் காவலாளி வேலைதான் நான் பார்க்கிறேன்.
பதினோரு வருஷமாக."
பொகோத்தாக்காரன் ஒருவன் கைதட்டினான்.
நூரியா தட்டவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.

கட்டுரைத் தலைப்பு வந்துவிட்டது:
ஸ்பெயினின் சமகாலக் கலையும் பன்னாட்டுச் சூழலும்.
இரண்டாயிரம் சொற்கள், ஞாயிறு நள்ளிரவுக்குள். யாருடைய நள்ளிரவு என்று சொல்லவில்லை.

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி,
உங்க ஊர் வீட்டையே எழுதேன் என்கிறான் கூட வேலைபார்க்கும் கிதியோன்.
அதை ஆட்டோக்காரர்களே அழகாகச் சொல்கிறார்கள்
கானாடுகாத்தான் வரும் வெள்ளைக்காரர்களிடம்.

நான் சாக்கிலிருந்து தொடங்குகிறேன்.
சர்வாதிகாரியின் காலத்தில் ஓவியர்கள்
கோணியைக் கிழித்தார்கள், தைத்தார்கள், கறுப்பு பூசினார்கள்.
உள்ளூரில் வாய்ப்பூட்டு.
அதே கோணியை அரசாங்கமே கப்பலேற்றி
வெனிசில் மாட்டியது:
பாருங்கள், எங்களிடம் எவ்வளவு சுதந்திரம்.
இந்த வரியை மூன்று முறை அடித்து எழுதினேன்.
செக்காலை ரோட்டு மிளகாய் மண்டியில்
சாக்கு தைக்கும் ஊசியைப் பார்த்தவனுக்கு
கோணியின் கிழிசல் எதுவரை கிழிசல்,
எங்கே தையல் என்று தெரியும்.

பாடநூலில் ஒரு வரைபடம்.
மாத்ரித்திலிருந்து பாரிசுக்கு அம்பு, நியூயார்க்குக்கு அம்பு,
சாவோ பாவ்லோவுக்கு மெல்லிய ஒன்று.
நம் கடல் இருக்கவேண்டிய இடத்தில்
குறிவிளக்கப் பெட்டி அச்சாகியிருக்கிறது.

சூழல்.
ஆய்வுக்கூடத்திலும் இதே சொல்தான்.
உலோகம் ஒன்று, சூழல் ஒன்று,
இரண்டும் சேர்ந்தால்தான் துரு.
தெரியாதவர்கள் துருவை இழப்பு என்பார்கள்.
துருப்பிடித்த தகடு முதலில் எடை கூடும்,
காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால்.
அமிலத்தில் கழுவி, உலர்த்தி,
மறுபடி தராசில் வைக்கும்போதுதான்
தன்னுடையதில் எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

என் பெயரைக் கழுவிப் பார்க்கும் அமிலம்
எங்கள் அலமாரியில் இல்லை.

வெளியே மழை தொடங்கி நின்றுவிட்டது.
வாசலில் ஓடிய செம்மண் தண்ணீர்
செருப்பில் ஏறியிருக்கிறது.
இந்த மண்ணின் சிவப்பும் இரும்புதான்,
எந்தக் கண்காட்சிக்கும் காத்திராமல் துருத்தது.
கட்டுரையில் இதைச் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.
அழகாக இருந்தது. அதனால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது சொற்கள். அனுப்பியாயிற்று.

திங்கட்கிழமை மண்டபம்.
இருபத்தேழாம் தகட்டின் பின்புறம் குளவி ஈரமண் அப்பியிருக்கிறது.
விதிப்படி சுரண்டவேண்டும்.
பதிவேட்டில் எழுதினேன்:
குளவிக்கூடு. நீக்கவில்லை. எடை அடுத்த மாதம்.
கீழே கையெழுத்து,
முதல் எழுத்தில் கொஞ்சம் தயங்கி.