இரண்டு வெள்ளைக் கோடு

நேற்று கேத்திக்கு மேலே,
ஓர் இரவுக்கு இரண்டாயிரத்து நானூறு.
அதில் அடக்கம்:
மரத்துக்கு மரம் சீரியல் பல்பு,
எட்டு மணி வரை வெந்நீர்,
முகம் தெரியாத ஒருவரின் பிறந்தநாளுக்குக்
கைதட்டும் கட்டாயம்.
விறகு தனிக் கணக்கு.
எங்கள் வண்டியில் நாங்கள் படுப்பதற்கா இவ்வளவு
என்று கேட்டேன்.
"வ்யூ இருக்குல்லக்கா" என்றான் ரசீது கிழித்த பையன்.
ஜன்னலைத் திறந்தேன்.
பனி, சுண்ணாம்பு அடித்த சுவராய் நின்றது.

இன்று கோத்தகிரி,
ஒரு சூப்பர் மார்க்கெட்டின் முற்றம்.
ஷட்டர் இறக்கியாயிற்று.
"போட்டுக்குங்க.
மூக்கு ரோட்டைப் பாத்து இருக்கணும்.
நாலரைக்குப் பால் வண்டி வரும்,
அதுக்குள்ள எடுத்துரணும்"
என்றார் காவல் இருந்த போஜன்.
நூறு ரூபாயை நீட்டினார் தவசிலிங்கம்.
"என் எடமா இது, காசு வாங்க?"

மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து
இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே
பெட்டிக்குள் பென்சிலாய் வைத்தார் வண்டியை.
சாத்தூர்ப் பள்ளிக்கூடம் ஏலத்தில் விட்ட வண்டி.
நீலம் பூசி வருஷம் இரண்டாகியும்
மழை நனைத்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும்,
'ளி வாகன' என்று நாலு எழுத்தோடு.

ஓசி இடத்தில் தூக்கம் ஓசியாய் வருவதில்லை.
கடையின் பலகை விடிய விடிய எரிகிறது.
சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு.
பக்கத்தில் படுத்திருக்கும் என் கணவரின் முகத்தில்
தள்ளுபடி வந்து வந்து போகிறது.
இருமல் வந்தால் போர்வைக்குள் விழுங்குகிறேன்.
காசு கொடுத்த இடத்தில்
வாய்விட்டு இருமினேன் நேற்று.
அதுவும் அந்த ரசீதில்தான் இருந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு ஒரு காட்டெருமை
மூன்றாம் கட்டத்தில் வந்து நின்றது.
டோக்கன் இல்லை.
மூக்கு ரோட்டைப் பார்த்தும் இல்லை.
போஜன் டார்ச்சை அணைத்தார்.
அது தராசுக்கல் மாதிரி அசையாமல் நின்று
தனக்குத் தோன்றியபோது போயிற்று.

அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன்.
மப்ளருக்குள்ளிருந்து கேட்டார்,
"நேத்து எங்க தங்குனீங்க?"
சொன்னேன்.
"ஓ, அதுவா. எங்க சித்தப்பா குத்தகைக்கு விட்ட பூமி."
ஒரு வாய் குடித்துவிட்டு,
"டென்ட்டுக்கு நடுவுல இன்னமும் கேரட் மொளைக்குதா?"

முளைக்கிறது.
கொடுத்த காசுக்கு எதையாவது எடுப்போம் என்று
கிளம்பும்போது இரண்டைப் பிடுங்கியிருந்தேன்.
மண்ணோடு சிங்க்கில் கிடந்தன.
திருடியவள் மாதிரித்தான் எடுத்துக் கொடுத்தேன்.
கால்சட்டையில் துடைத்துக் கடித்தார்.
"நாரு ஏறிருச்சு" என்றார்.
முழுசும் தின்றார்.
மற்றதை என்னிடமே திருப்பித் தந்தார்.

கடை திறப்பது ஒன்பதுக்கு.
திறந்திருந்தால் ஒரு துடைப்பமோ
இரண்டு கிலோ உப்போ வாங்கியிருப்போம்,
வேண்டாவிட்டாலும்.
நாலே காலுக்கே கிளப்பிவிட்டார் தவசிலிங்கம்.
எங்கள் கட்டத்தில் என்ஜின் சொட்டிய எண்ணெயை
இறங்கிப்போய்ப் பழைய துண்டால் துடைத்துவிட்டு வந்தேன்.
பக்கத்துக் கட்டத்துக்காரர்
சாணியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

கணக்கு நோட்டு மடியில்.
நேற்று: 2400.
இன்று:
பேனா மூடியைக் கடித்தபடி
மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டினேன்.
பூஜ்யம் போடக் கை வரவில்லை.
குஞ்சப்பனை வருவதற்குள்
'கேரட், ஒன்று' என்று எழுதினேன்,
வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருந்த
கோட்டின் மேலேயே.